பிரெஞ்சு ஒயினில் எந்த ஊர் ஒயினுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும்?

“மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்று தெரிந்தால் போதாதா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. கிழக்கு பிரான்சில் ஜூரா மலைப் பக்கத்து ஊரான பெசன்சோனில் நான்கு வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஊரைப் பாருங்கள்.

போன புதிதில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கௌரவமாக இருக்கட்டும் என்று விலை கூடிய போர்தோ சிவப்பு ஒன்றை வாங்கிப் போனேன். மேசையில் வேகவைக்காத சிப்பி. ஒரு சிப்பியைத் தின்று ஒரு வாய் குடித்தேன். நாணயத்தை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்பும் கடல் உணவின் கொழுப்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகுமாம். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் வேறு கிளாஸில் மஸ்கதே என்ற வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்தார். லுவார் ஆறு கடலில் சேரும் பக்கம், நாந்த் நகரைச் சுற்றி விளைவது. லேபிளில் ‘சுர் லீ’ என்று இருந்தால், குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் வண்டலோடு கிடந்த சரக்கு என்று அர்த்தம். தனியாகக் குடித்தால் வெறும் புளிப்பு. சிப்பியோடு குடித்தால் எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்கிறது. போர்தோக்காரர்களே அர்காஷோன் சிப்பிக்குத் தங்கள் ஊர் வெள்ளையைத்தான் திறப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஆல்சாஸில் புளித்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியுமாக வரும் சுக்ரூத்துக்கு ரீஸ்லிங். இறைச்சிதான், ஆனாலும் வெள்ளை. அந்தக் கோஸின் புளிப்புக்கு ஈடு கொடுக்க ஒயினிலும் புளிப்பு வேண்டும். லியோனில் சொசிசோன் என்ற சாசேஜுக்கு பக்கத்து போஜோலே பகுதியின் இலேசான சிவப்பு, அதுவும் லேசாகக் குளிர வைத்து.

சீஸ் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். சிவப்பின் துவர்ப்பு நிறைய சீஸ்களோடு கசந்துபோகும். இங்கே அந்தந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு அந்தந்த ஊர் ஒயின் என்ற கணக்கும் சில சமயம் உதவாது. பர்கண்டியின் எப்வாஸ் என்ற நெடி மிகுந்த சீஸ், அந்த ஊர்ச் சிவப்பான பினோ நுவாரையே அமுக்கிவிடும். ஆட்டுப்பால் சீஸுக்கு லுவார் பக்கத்து சான்சேர் வெள்ளை எடுங்கள், தவறாது.

சரி, நான் இருந்த பக்கத்துக்கு வருகிறேன். ஜூரா மலையோரத்தில் சவாஞான் என்ற திராட்சையில் ‘வேன் ஜோன்’ செய்கிறார்கள், அதாவது மஞ்சள் ஒயின். பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். மேலே ஈஸ்ட் ஆடை படரும். அறுவடையிலிருந்து 6 வருடம் தாண்டித்தான் புட்டிக்கு வரும். புட்டியும் 620 மில்லிதான். ஒரு லிட்டரில் மிஞ்சுவது அவ்வளவே என்பார்கள்.

முதல் தடவை முகர்ந்ததுமே எனக்கு வெந்தயம் வறுக்கும் வாசனை அடித்தது. சொன்னால் சிரித்தார்கள், அவர்களுக்கு அது வால்நட். பிறகு படித்துப் பார்த்தால் நான் சொன்னது சரிதான். சோட்டோலோன் என்ற சேர்மம் வெந்தயத்திலும் இருக்கிறது, இந்த ஒயினிலும் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு வருடம் முதிர்ந்த, ஜூரா பக்கத்துப் பசும்பால் சீஸான கொம்தேயை ஒரு துண்டு கடித்து, இதை ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். பிரெஞ்சு ஒயினில் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு ஊற்றாதீர்கள் (சூடு எங்கே, குளிர்தான்). சாப்பிடுவதற்குச் சில மணி நேரம் முன்பே திறந்து வெளியே வைத்துவிடுங்கள். மிச்சம் சில வாரம் கெடாது. விலை கட்டாவிட்டால் ‘சூ வ்வால்’ முறையில், அதாவது அதே ஈஸ்ட் ஆடைக்கு அடியில் வைத்துச் செய்த சாதாரண சவாஞான் கேளுங்கள், அதே வாசனை கொஞ்சம் இலேசாக இருக்கும்.

அந்த ஊரில் சேவலை இதே ஒயினிலும் கிரீமிலும் மொரேல் காளானோடு வேகவைப்பார்கள். நான் வெந்தயம் தாளித்துக் கோழிக் குழம்பு வைத்து, அன்று சிரித்தவர்களையே கூப்பிட்டேன். மிளகாயைப் பாதியாகக் குறைத்திருந்தேன், ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும். சில வாரம் கெடாது என்று சொன்ன புட்டி அன்றைக்கே காலி.