ரத்தத்தைச் சுற்றுவது சின்ன வேலை இல்லை, அம்மா

வணக்கம் அம்மா. மகளை எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிக்க வைத்தீர்கள். அவளோ நான்கு மாதமாக ஆய்வகத்தில் ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் போட்டுச் சுற்றிப் பிரிப்பதும் கழுவுவதுமாக இருக்கிறாள், புராஜெக்ட்டை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். அவள் கைக்கு வந்திருப்பது எளிதில் கிடைக்காத பயிற்சி.

டெங்கு வந்தால் நாம் பதறிப் பதறி எண்ணிக்கை பார்க்கிற பிளேட்லெட்தான் அவள் கையாளுவது. மூளையின் நரம்பு செல்களில் செரோடோனின் என்ற வேதிப்பொருளை உள்ளே இழுக்கிற புரதம் பிளேட்லெட்டின் மேலும் இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் போய் ஒட்டுவது அந்தப் புரதத்தில்தான். உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது, ரத்தம் எடுக்கலாம். 1980-ல் பாரிஸில் பிரைலி, லாங்கர் குழுவினர், மனச்சோர்வு உள்ளவர்களின் பிளேட்லெட்டில் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து ஒட்டும் இடங்கள் குறைவு என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இனி ரத்தப் பரிசோதனையிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. பிறகு சில ஆய்வகங்களில் அதே முடிவு வந்தது, சிலவற்றில் வரவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதம், அவர்கள் அதற்குமுன் சாப்பிட்ட மாத்திரை என்று காரணங்கள் பல. சாம்பிளைத் தயாரித்த விதமும் அதில் ஒன்று. நீங்கள் அலுத்துக்கொள்ளும் வேலை அதுதான்.

கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் உள்ள செரோடோனின் ஏறக்குறைய முழுவதும் பிளேட்லெட்டுக்குள்தான் சேமிப்பில் இருக்கிறது. பிளேட்லெட்டை உடைத்து அதன் சவ்வை எடுக்கும்போது அது வெளியே கொட்டும். சரியாகக் கழுவாவிட்டால் மருந்து உட்கார வேண்டிய இடத்துக்கு அதுவும் போட்டிக்கு வரும். மருந்து பலவீனமாக ஒட்டுவதுபோல் கணக்கு காட்டும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் புரதம் தங்கிவிட்டால் இன்னொரு கோளாறு. முடிவை 'ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு' என்றுதான் சொல்வார்கள். வேண்டாத புரதம் சேர்ந்தால், உண்மையில் குறையாத எண்ணிக்கை தாளில் குறைந்து நிற்கும். அதைப் பார்த்து நோயின் அடையாளம் என்று ஒருவர் எழுதிவிடலாம்!

சுற்றுவதும் அப்படியே. முதல் சுற்று மெதுவாக, 200 ஜி அளவில், அதாவது புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு விசையில். வேகம் கூடினால் பெரிய பிளேட்லெட்டுகள் சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும். மிஞ்சுவது சிறியவை மட்டும். மேலே நிற்கும் மஞ்சள் திரவத்தைப் பிளாஸ்டிக் பிப்பெட்டால் உறிஞ்சும்போது, சிவப்பணுக்களின் மேல் படியும் வெள்ளையணுப் படலத்துக்குச் சற்று மேலேயே கை நிற்க வேண்டும். உறிஞ்சிய திரவம் உள்ள குழாயை வெளிச்சத்தில் பிடித்து லேசாகச் சுழற்றினால், நல்ல பிளேட்லெட் பட்டுத்துணி போல மினுங்கும். மினுங்கவில்லையென்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல மாதங்கள் பிடிக்கும்.

வேலைக்கு வருவோம். ரத்த வங்கி டெக்னீஷியன் பணிக்கு எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் படிப்பைக் கேட்பார்கள், அந்த வழியை நம்ப வேண்டாம். இவளுக்குப் பொருந்துவது ரத்தத்தில் மருந்தின் அளவைக் கணக்கிடும் பரிசோதனைக் கூடங்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் அவை உண்டு. ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும், அதில் தேறினால் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023-லிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸில் நரம்பு வேதியியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணிடம் நேர்காணலில், "பிளேட்லெட்டுக்குக் கண்ணாடிக் குழாய் ஏன் கூடாது?" என்று கேட்டார்கள். கண்ணாடியில் பட்டால் ஒட்டிக்கொண்டு தூண்டப்பட்டுவிடும் என்று தன் அனுபவத்திலிருந்தே சொன்னாள். அதற்குப் பிறகு மதிப்பெண் பட்டியலை யாரும் புரட்டவில்லை.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நோட்டில் 'ஆயிரம் சுற்று' என்று எழுத வேண்டாம், ஜி அளவை எழுதட்டும். மெஷின் மாறினால் அதே ஆயிரம் சுற்றுக்கு விசை மாறிவிடும். ரத்தம் எடுத்த நேரம், எத்தனை முறை கழுவினாள், எந்த பஃபர் (கழுவும் கரைசல்), எத்தனை நாள் ஃப்ரீசரில் இருந்தது, எல்லாவற்றையும் அன்றன்றைக்கே குறித்து வைக்கட்டும். நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.