வாரத்தில் நான்கு நாள் பர்கர்: அம்மா சொல்வது சரியா?

கேள்வி: எனக்கு வயது 33. சாங்கி பக்கம் ஷிப்ட் வேலை. பின்னிரவில் வீடு திரும்பும்போது எங்கள் வட்டாரத்தில் கண்ணில் படுவது பர்கர் கடை ஒன்றுதான். வாரத்தில் நான்கு, ஐந்து முறை அங்கேதான் சாப்பாடு. "அது விஷம்டா" என்கிறார் அம்மா. கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையோ 'எல்லாம் நார்மல்' என்கிறது. அதே அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவுக் கடையில் பிரியாணி வாங்கித் தருகிறார். அது மட்டும் நல்லதா? அடிக்கடி ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிடுவது உண்மையிலேயே கெடுதலா, சும்மா பயமுறுத்துகிறார்களா?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: விஷம் இல்லை. ஆனால் வாரத்துக்கு நான்கு, ஐந்து முறை என்பது அதிகம், கெடுதலும்தான். பிரியாணியைப் பற்றி நீங்கள் கேட்டதும் நியாயமான கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, நம் சிங்கப்பூரிலேயே விடை இருக்கிறது. 1990களில் இங்கே 45 முதல் 74 வயதுக்குட்பட்ட சீனர்களை ஆய்வில் சேர்த்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை வைத்து 2012இல் வந்த கட்டுரை ஒன்று மேற்கத்திய ஃபாஸ்ட் ஃபுட்டை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தது. வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு, அந்தப் பக்கமே போகாதவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 27 விழுக்காடு அதிகம். இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 56 விழுக்காடு அதிகம். நான்கு முறையோ அதற்கு மேலோ போனவர்களிடம் அந்த இரண்டாவது எண் 80ஐ நெருங்கியது.

எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 27 விழுக்காடு என்றால் நூறு பேரில் 27 பேருக்கு வந்துவிடும் என்று பொருள் இல்லை. பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் 12, 13 பேருக்கு வரும், அவ்வளவுதான். இந்த மாதிரி ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை அடித்துச் சொல்லாது. ஆனாலும் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அதில் ஃபாஸ்ட் ஃபுட் அதிகம் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட இளையவர்கள், அதிகம் படித்தவர்கள், குறைவாகப் புகைத்தவர்கள். பார்க்கப்போனால் அவர்கள் உடம்பு நன்றாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தும் நிலைமை மோசம். அந்த ஆய்வில் இந்தியர்கள் யாரும் இல்லை, உண்மைதான். ஆனால் இங்கே சீனர்களைவிட நம்மவர்களிடம்தான் நீரிழிவு அதிகம். அதனால் நமக்குச் சலுகை கிடைக்கும் என்று நினைக்க வழியில்லை.

சரி, பர்கரில் அப்படி என்னதான் இருக்கிறது? மாவு, கோழி, எண்ணெய், உப்பு. தனித்தனியாகப் பார்த்தால் அம்மா சமையலறையில் இல்லாதது எதுவுமில்லை. பலரும் பயப்படும் டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய மூலமான, பாதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்க்கு 2021 ஜூனிலேயே சிங்கப்பூர் தடை போட்டுவிட்டது. ஆகவே வில்லன் வேறெங்கோ இருக்கிறான்.

ஒரு நாள் ரயில் நிலையத்தை ஒட்டிய பர்கர் கடையில் ஒருவருக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். காரமான கோழி பர்கர், பெரிய ஃப்ரைஸ், ஐஸ் மிதக்கும் பானம், தனியாகச் சில்லி சாஸ். தொழில் புத்தி விடவில்லை, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஆறே நிமிடம், தட்டு காலி. அதே பையன் முன்னால் வாழையிலைச் சோறும் மீன் குழம்பும் இருந்திருந்தால் முள் எடுக்கவே ஆறு நிமிடம் ஆகியிருக்கும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் வேண்டும். அதிகம் மெல்லத் தேவையில்லாத, நார்ச்சத்து குறைந்த சாப்பாடு அந்தச் செய்திக்கு முன்பே உள்ளே போய்விடுகிறது.

2019இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 20 பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு, வேண்டுமளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்தபோது அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள், ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளினார்கள். இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 0.9 கிலோ எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று யாரையும் திட்டுவதற்கு முன் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று, நீங்கள் வாங்குவது பர்கர் இல்லை, 'செட்'. பர்கர் மட்டும் என்றால் 500 கலோரிக்குப் பக்கத்தில் நிற்கும். ஃப்ரைஸும் பானமும் 'அப்சைஸ்' (பெரிய அளவு) ஆனால் 1,000ஐத் தாண்டிவிடும். ஓர் ஆணுக்கு நாள் முழுதுக்கும் தேவை சுமார் 2,200. நடு இரவில் தூங்கப்போகும் முன் அதில் பாதி. உப்பு அதைவிடப் பெரிய தொல்லை. சோடியம் நாளுக்கு 2,000 மில்லிகிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு, அதற்குள் இருக்க வேண்டும். 2022இல் எடுத்த கணக்குப்படி சிங்கப்பூர்வாசி சராசரியாக 3,620 மில்லிகிராம் சாப்பிடுகிறார். இதற்குப் பர்கரை மட்டும் குறைசொல்ல முடியாது.

இங்கேதான் பிரியாணி வருகிறது. ஒரு தட்டுக் கோழி பிரியாணி 800 கலோரியைத் தாண்டுவது சாதாரணம். மீ கோரெங், லக்சா, கறிக் குழம்பை மேலே ஊற்றிக்கொண்டு சாப்பிடும் புரோட்டா எதுவும் சாமியார் உணவு இல்லை. 'நம்ம சாப்பாடு' என்பதற்காக மதிப்பெண் போட மாட்டேன். ஆனால் முன்னே சொன்ன சிங்கப்பூர் ஆய்வில் நூடல்ஸ், டிம் சம் மாதிரி நம் வட்டாரச் சிற்றுணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களிடம் அந்த உயர்வு தென்படவில்லை. அதனால் உங்கள் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியை நான் தொடப்போவதில்லை. வாரத்துக்கு ஒரு முறைதானே! (வெள்ளிக்கிழமை சைவம் என்று சொல்லி ஃப்ரைஸும் ஆப்பிள் பையும் மட்டும் வாங்கிச் சாப்பிடுபவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.)

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கைவைப்பது பானத்தில். ஏனென்றால் அதை விடுவது சுலபம், பலன் பெரிது. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை உள்ள பானம் 330 மில்லி குடித்தால் கிட்டத்தட்ட ஏழு தேக்கரண்டி சர்க்கரை. வயிறும் நிறையாது. பாட்டிலில் சர்க்கரை, கொழுப்பு அளவை வைத்துத் தரும் 'நியூட்ரி-கிரேட்' எழுத்தைப் பார்த்திருப்பீர்கள், 2023 இறுதியிலிருந்து கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அது உண்டு. சி, டி என்று போட்டிருந்தால் வேண்டாம். தண்ணீர் போதும். காப்பிக்கடைப் பழக்கம் இருந்தால் தே-ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். 'சியூ தை' (சர்க்கரை குறைவாக) என்று சொல்லி மூன்று தம்ளர் குடிப்பது கணக்கில் வராது.

அடுத்து ஃப்ரைஸ். அப்சைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சோளக் கப் கிடைத்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பர்கர் அப்படியே இருக்கட்டும். மீன் பர்கர் நல்லது என்று மாற்றிக்கொண்டு நிம்மதியடைய வேண்டாம், அதுவும் எண்ணெயில் பொரித்ததுதான்.

ஆனால் உங்கள் சிக்கல் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதில் மட்டும் இல்லை, எப்போது என்பதில்தான் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து காய்ந்த வயிற்றோடு இறங்குகிறவரை வெளிச்சம் போட்ட கடை இழுக்கத்தான் செய்யும். வீட்டுச் சாப்பாட்டை வேலையிடத்து மைக்ரோவேவில் சூடு பண்ணி, ஷிப்ட் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். அம்மாவின் ரசம் சோறும் முட்டைப் பொரியலும் ஒரு டப்பாவில் அடங்கும். டப்பா இல்லாத நாளில் எகனாமி ரைஸ் கடையில் சோற்றைக் குறைத்து, இரண்டு காய், ஒரு டோஃபு, மேலே குழம்பு ஊற்ற வேண்டாம் என்று சொல்லித் தபாவ் (பொட்டலம்) செய்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் டப்பா, ஒரு நாள் எகனாமி ரைஸ் என்று ஆனாலே பர்கர் ஒன்றிரண்டு முறைக்கு இறங்கிவிடும். ஒரு முறை என்று நின்றால் நல்லது, இரண்டைத் தாண்ட வேண்டாம்.

கடைசியாக அந்த 'நார்மல்'. அமெரிக்காவில் 18 முதல் 30 வயதுக்காரர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட சுமார் 4.5 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. இன்சுலினுக்கு உடல் மசியாமல் போவதும் இரு மடங்கு அதிகரித்திருந்தது. இதெல்லாம் ஒரே ஆண்டுப் பரிசோதனையில் தெரியாது. 33 வயதில் நார்மலாக இருப்பது எதிர்பார்த்ததுதான்.

அதனால் பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள். 'நார்மல்' என்ற சொல்லை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.4இலிருந்து 5.9க்கு வந்திருந்தால் இரண்டுமே இங்கே நார்மல்தான், 6.1 வந்தால்தான் மேற்கொண்டு பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஆனால் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் அதே மாதிரி ஆண்டு வாரியாக எழுதுங்கள். இடுப்பை அளந்து பாருங்கள், 90 சென்டிமீட்டரைத் தொட்டால் கவனம் தேவை. உடல் எடைக் குறியீடு நம்மவர்களுக்கு 25 இல்லை, 23லிருந்தே எச்சரிக்கை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் சேர்த்து, இந்த எண்களோடு மறுபடி எழுதுங்கள். மிச்சத்தை அப்போது பேசலாம்.