குளிசைக்கு முழங்கால் எதுவென்று தெரியாது

எழுபதைத் தாண்டிய தம் தாயார் முழங்கால் வலிக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக் வயிற்றை எரிக்கிறது, பிரஷருக்கும் இருதயத்துக்கும் கிளினிக் மருந்தும் எடுக்கிறார், சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் போதுமா என வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்.

போதாது. அழற்சி கண்ட மூட்டில் சுரக்கும் புரொஸ்டாகிளான்டின் என்ற பொருள் நரம்பு முனைகளைக் கூசவைப்பதால்தான் படியேறுவதுகூட வேதனையாகிறது. அதை உண்டாக்கும் நொதியை டைக்ளோஃபெனாக் முடக்குகிறது. அஸ்பிரின் இவ்வாறே செயற்படுவதைப் பிரித்தானிய மருந்தியல் ஆய்வாளர் ஜோன் வேன் 1971இல் காட்டினார். ஆனால் குளிசை முழங்காலைத் தேடிப் போவதில்லை, இரத்தத்தோடு உடலெங்கும் போகிறது. இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கவும் சிறுநீரகத்துக்கு இரத்தம் ஓடவும் அதே பொருள் வேண்டும். ஆகவே வயிறு நிறைந்திருந்தாலும் காவல் குறையும். ஊசியாகப் போட்டாலும் அப்படியே. பிரஷர் ஏறலாம், இருதய நோயாளிக்கு மாரடைப்பு அபாயமும் கூடும்.

எனக்குக் கோபம் அந்தச் சிறிய கடதாசி உறைமீதுதான். அட்டையிலிருந்து கத்தரித்த நான்கு குளிசைகள், மேலே 'காலை 1, இரவு 1' என்ற கிறுக்கல். மருந்தின் பெயரோ வெட்டுப்பட்ட மறுபாதியோடு போய்விட்டது. ஒரே மருந்தை இரு கடைகளில் இரு பெயர்களில் வாங்கிச் சேர்த்துக் குடித்தவர்களைக் கண்டிருக்கிறேன். வைத்தியர் எழுதிய துண்டைக் கேட்காமல் 'நல்ல பவர்' என்று நீட்டுபவர் பெரும்பாலும் மருந்தாளரே அல்லர். கிளினிக்கிலோ, விடியமுன் இலக்கம் எடுத்து மத்தியானம்வரை காத்திருக்கும் முதியவரிடம் வேறென்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

இதை வாசித்துவிட்டு, இருதயத்துக்குத் தரும் அஸ்பிரினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதுவும் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. ஆனால் 75 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் அது வலிக்குளிசை அன்று. இரத்தச் சிறுதட்டுகளை, அவை உயிர்வாழும் 7 முதல் 10 நாள்வரை, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைத்து அடைப்பைத் தடுக்கிறது. வலியில்லாத நாளிலும் அது வேண்டும்; நிறுத்துவதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். முழங்காலில் பூசும் அதே மருந்தின் ஜெல் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். அதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வலிக்குப் பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கலாம். 500 மில்லிகிராம் குளிசை 24 மணிநேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது, மெலிந்த உடம்பென்றால் அதிலும் குறைவு. அடுத்த கிளினிக்குக்கு வீட்டிலுள்ள எல்லா உறைகளையும் ஒரு பையில் கொண்டு போங்கள். மலம் தார்போல் கறுத்தால் கிளினிக் நாளைப் பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.