கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கலாமா? மார்பகக் கட்டி: கேள்வி-பதில்

நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளில் சில. ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் இல்லை.

எனக்கு 46 வயது, பீடி சுற்றுகிறேன். இடது மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி, மூணு மாசமா இருக்கு. வலி கிடையாது. ஆனியில மகளுக்குக் கல்யாணம். அதை முடிச்சிட்டுப் பாத்துக்கிடலாமா? (முக்கூடல்)

வேண்டாம்மா, இந்த வாரமே போங்க. வலி இல்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதுதான் நான் இங்கே அதிகம் பார்க்கும் தப்புக்கணக்கு. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்திருந்தால் நீங்களே மறுநாள் பஸ் ஏறியிருப்பீர்கள்.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. ஆனால் உங்கள் வயதில் புதிதாக வந்து, மூன்று மாதமாகக் கரையாத கட்டியைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. கைப் பரிசோதனை, மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், சதைப் பரிசோதனை, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். கல்யாணத் தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை வேண்டியிருந்தாலும் அதைப் பார்த்து நாள் குறிப்பார்கள்.

மைனிக்குக் கட்டி. ஊசி குத்துனா புத்து பரவிரும்னு ஊர்ல சொல்லுதாங்க. நேரா ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா என்ன? (அம்பாசமுத்திரம்)

ஊசி குத்துவதால் நோய் முற்றுவதில்லை. ஏற்கெனவே முற்றிய நிலையில் வந்த ஒருவருக்கு ஊசி போடுகிறார்கள்; சில மாதத்தில் அவர் நிலை மோசமாகிறது; பழி ஊசிமேல் விழுகிறது. இந்தப் பேச்சு அப்படிக் கிளம்பியதுதான்.

மரத்துப்போக மருந்து செலுத்தி, சற்றுத் தடித்த ஊசியால் மெல்லிய சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். புற்றா இல்லையா என்பதோடு அந்தத் துணுக்கின் வேலை முடிவதில்லை. புற்று என்றால் எந்த மருந்து என்பதையும் அதுதான் சொல்லும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதில் இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை, வழக்கமாக 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு வரை. புற்றணுவை வேகமாக வளரத் தூண்டும் ஹெர்2 புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி. இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் கீமோவைத்தான் நம்ப வேண்டும். சிலருக்குக் கீமோவை முதலில் கொடுத்து, கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் கத்தியே எடுப்போம்.

இது எதுவும் தெரியாமல் கட்டியை அரைகுறையாகத் தோண்டிவிட்டு வருபவர்களுக்கு இரண்டாவது ஆபரேஷன் அநேகமாக நிச்சயம். ‘சின்னக் கட்டிதான், அரை மணி நேரத்தில் எடுத்திரலாம்’ என்று யார் சொன்னாலும், சதைப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்று மைனியைக் கேட்கச் சொல்லுங்கள். கூடப் போய் நீங்களே கேட்டால் இன்னும் நல்லது.

கேம்ப்ல நர்ஸ் கையால தொட்டுப் பாத்தாங்க, மிஷின் ஒண்ணும் இல்ல. இது போதுமா? (பத்தமடை)

அதை லேசாக நினைக்காதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, 35 முதல் 64 வயது வரையான சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். அந்தப் பாதியில், 50 வயதைத் தொட்டவர்களிடையே மார்பகப் புற்றால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ் அந்தப் பலன் தெரியவில்லை. மேமோகிராம் எடுக்க வசதியிருந்தால் எடுங்கள். அதற்காகக் கேம்பைத் தவறவிட வேண்டாம்.

மகளுக்கு 22 வயசு. கட்டி, தொட்டா வழுக்கி ஓடுது. (வள்ளியூர்)

அநேகமாக ஃபைப்ரோஅடினோமா, புற்றல்லாத கட்டி. இந்த வயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாது, ஸ்கேன் எடுங்கள். வரன் பார்க்கும் நேரம் என்று மறைக்காதீர்கள்.

என் மனைவிக்கு 2 செ.மீ. புற்றுக்கட்டி. மார்பை முழுசா எடுத்தாத்தான் திரும்ப வராதுன்னு நினைக்கிறேன். சரிதானா? (சங்கரன்கோவில்)

தொடக்க நிலையில், கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பு முழுவதையும் எடுத்தவர்களும் ஒரே அளவு உயிர்வாழ்கிறார்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டு பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவு இது. அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு, மார்பை வைத்துக்கொள்பவர்களுக்குச் சற்றுக் கூடுதல்தான். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். பல இடங்களில் கட்டி இருந்தாலோ, கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருந்தாலோ முழுதும் எடுக்க வேண்டிவரும்.

கதிர்வீச்சை நம் ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்பார்களே, அதற்குத்தான் அலைச்சல்: மூன்று அல்லது ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள். செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்குங்கள்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும்.

கடிதம் முழுக்க உங்கள் கருத்துதான் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா?

எனக்கு 61. ஆம்பளைக்கும் வருமா? (நாங்குநேரி)

வரும். மார்பகப் புற்று வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர் ஆண். காம்புக்கு அடியில் கெட்டியாகக் கட்டி இருந்தால் காட்டுங்கள்.

கீமோ நடக்கு. கருப்பட்டிக் காபி குடிக்கலாமா? (திசையன்விளை)

குடிக்கலாம், சர்க்கரை வியாதி இல்லையென்றால். கருப்பட்டி புற்றை வளர்ப்பதும் இல்லை, கரைப்பதும் இல்லை. நீங்கள் கேட்காத ஒன்று இதைவிட முக்கியம். கீமோ நாட்களில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுப் படுக்காமல், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.