அடைமழையில் எழுத்தும் அடைத்துக்கொள்கிறதே! (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: அக்கா, நான் சிறுகதை எழுதுகிறேன். ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கும்வரை ஒரு பக்கம்கூட ஓடுவதில்லை. படுத்தே கிடக்கிறேன், எதைப் பார்த்தாலும் எரிச்சல். நான் எழுதும் அறையில் ஈரத்துணிக்குக் கொடி கட்டிவிடுவதால் ஜன்னலும் மறைந்து, பகலிலேயே டியூப்லைட்தான். "மதுரைப் பக்கம் என்னடி குளிர், இது என்ன கொடைக்கானலா?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இது சோம்பேறித்தனமா, வியாதியா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் தங்கச்சி. குளிர்காலத்தில் மட்டும் வந்து போகிற மனச்சோர்வு நிஜமாகவே உண்டு. 1984-இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தாலும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் அதற்கு ஒரு பெயர் வைத்து விவரித்தார்கள். வெளிச்சம் குறைவதுதான் அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் வடக்கத்திய நாடுகளின் கதை. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. நமக்கு மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கிறது, ஜூன் மாதத்தைவிட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் குறைவு. அதனால் பழி முழுவதையும் சூரியன் தலையில் போட முடியாது.

எனக்கு அந்தக் கொடிக்கயிறு மேல்தான் சந்தேகம். டியூப்லைட் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். மூடாப்பான பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். காலையில் நல்ல வெளிச்சம் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக ஓடும், ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும். உங்களுக்கோ பகலிலும் பாதி இருட்டு, ஈர வாடை வேறு. மார்கழி பிறந்துவிட்டால் விடியும் முன்பே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும் (பாட்டு நல்ல பாட்டுதான், சத்தம்தான் கொஞ்சம் அதிகம்). தூக்கம் கெட்டவளுக்குக் கதை எப்படி வரும்? முதலில் கொடியை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், சண்டை போட்டாவது. அப்புறம் விடிந்ததும் காபி டம்ளரோடு மொட்டை மாடிக்கோ, தூறலாக இருந்தால் வாசல் திண்ணைக்கோ போய் அரை மணி நேரம் உட்காருங்கள், செல்போனைத் தொடாமல்.

செல்போனைச் சொன்னதும் இன்னொன்று. தமிழில் எழுதுகிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரி என்றாலே தனிச் சோதனை. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் எல்லார் புத்தகமும் அந்தச் சமயத்தில்தான் வரும், முகநூலைத் திறந்தால் அட்டைப்படம், முன்னுரை, வெளியீட்டு விழா அழைப்பு, "பதிப்பாளருக்கு நன்றி" என்று வரிசை கட்டி நிற்கும், அதைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டைத் திறக்கிறவளுக்கு மனசு கனக்காமல் என்ன செய்யும்? நீங்கள் குளிர் என்று நினைப்பதில் பாதி இதுவாக இருக்கலாம். பொங்கல் முடியும்வரை முகநூலை மூடி வையுங்கள், யாரும் உங்களைத் தேடிக்கொண்டு வரப்போவதில்லை.

எழுத்தைப் பொறுத்தவரை, இந்த மாதங்களில் புதுக்கதை தொடங்காதீர்கள். பழையதைத் திருத்துங்கள், இல்லையென்றால் கண்ணில் படுவதை அஞ்சு வரி எழுதி வையுங்கள். மதுரை நக்கீரர் நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் செய்திருப்பதைப் பாருங்கள். தலைவனைப் பிரிந்தவளின் துயரத்துக்கு வரும் முன்னால் மழை, இடம் பெயர்ந்த கோவலர், அவர்கள் கை காய்ச்சும் நெருப்பு, மேய்ச்சலை மறந்த மாடு, கூனிப்போன குரங்கு என்று ஊரையே காட்டிவிடுகிறார். 188 அடிப் பாட்டில் தன் மனசு சரியில்லை என்று நக்கீரர் ஒரு அடிகூட எழுதவில்லை. உங்கள் தெருவில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஆட்டுக்குட்டியை எழுதுங்கள், சோகத்தைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் படிக்கும் என் தங்கை மகன் கவிதை எழுதுவான். குளிர் வந்தால் முடங்கிவிடுகிறான், ஏதோ வெளிச்சப் பெட்டி வாங்கப்போகிறேன் என்கிறான். ஏமாற்று வேலையா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: இல்லை, மருத்துவர்களே சொல்வதுதான். 10,000 லக்ஸ் தரும் விளக்கு, காலையில் அரை மணி நேரம் போல, பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம், எழுதலாம். அதையே உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணில் கோளாறு இருந்தாலோ, மனசு ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நோய் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மேலூரில் இருக்கும் நீங்கள் அதை வாங்க வேண்டாம். மாடி இருக்கிறது.

கேள்வி: மனநல மாத்திரை சாப்பிட்டால் எழுத்து போய்விடும் என்கிறாரே நண்பர்?
- பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: அந்த நண்பர் டாக்டரா? படுத்த படுக்கையாக இருக்கும்போது மட்டும் எழுத்து எங்கே வாழ்ந்தது? மாத்திரை மந்தமாக்கினால் டாக்டரிடமே சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார், நீங்களாக நிறுத்தாதீர்கள். திருமங்கலத்துத் தங்கச்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனசு இருண்டு கிடந்தால், பிடித்ததிலும் பிடிப்பு விட்டுப்போனால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், மார்கழி போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.