குழந்தைக்கு நிமோனியா: குளிர்ந்த நீரா, புகையா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் அளைய விட்டதால்தான் என்று மாமியார் என்னைக் குறை சொல்கிறார். எங்கள் வீட்டில் விறகடுப்புச் சமையல். கணவர் சிகரெட் பிடிப்பார், ஆனால் வாசலுக்குப் போய்த்தான். நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பழியை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். தண்ணீரில் அளைந்ததால் நிமோனியா வராது. பாக்டீரியாவோ வைரஸோ நுரையீரலின் காற்றறைகளுக்குள் புகுந்து, அங்கே சீழும் நீரும் கோத்துக்கொள்வதுதான் நிமோனியா. கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவது எது? உங்கள் வீட்டில் என் சந்தேகம் அடுப்பின் மேல்தான்.

நீங்கள் சமைக்கும்போது மகன் எங்கே இருக்கிறான்? இந்த வயதுக் குழந்தை பெரும்பாலும் அம்மாவின் இடுப்பில் இருக்கும், இல்லையென்றால் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள், கிருமி ஒட்டிய சளியை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. புகை பட்டுப் பட்டு அவை செயலிழக்கும். கிருமியை விழுங்கி அழிக்கும் செல்களும் வலுவிழக்கும். போதாததற்கு, குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதன் எடைக்கு அதிகமான புகை உள்ளே போகிறது. வீட்டுக்குள் புகையைச் சுவாசிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எரிவாயு அடுப்புக்கு மாற முடிந்தால் முழுமையாக மாறுங்கள். புகைபோக்கி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாவில் அதைச் சோதித்துப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியாவும் குறைந்தது. ஆனால் மொத்த நிமோனியா தெளிவாகக் குறையவில்லை. ஆகவே புகைபோக்கி இருந்தாலும், அடுப்பு எரியும் நேரத்தில் குழந்தையை வேறு யாராவது வெளியே வைத்திருக்கட்டும். இந்தப் பொறுப்பை மாமியாரிடமே கொடுங்கள். பேரன் மேல் அவருக்கும் அக்கறைதானே.

கணவர் வாசலில் பிடிப்பது வீட்டுக்குள் பிடிப்பதைவிட மேல், அவ்வளவுதான். சட்டையிலும் விரலிலும் ஒட்டிய நச்சோடுதான் அவர் மகனைத் தூக்குகிறார். அடியோடு விட்டுவிடுவதே சரி. இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள். மூடிய அறையில் கொசுவர்த்தி ஏற்றும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட்டு வலை கட்டுங்கள்.

இருமலும் சளியும் உள்ளவர் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்க வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல், ஹிப் (Hib), தட்டம்மைத் தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால் உடனே போட்டுவிடுங்கள்.

இரண்டு முறை வந்துவிட்டதால், இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ ஊட்டக்குறைவோ இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். இருமல் வந்தால், அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இவன் வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.