வேலை இருக்குமா, போகுமா? உளவியல் மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: டாக்டர், ஆட்குறைப்பு வரப்போகிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. எனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேனேஜரிடமிருந்து மீட்டிங் அழைப்பு வந்தாலே வயிறு கலங்குகிறது. வேலை போன நண்பனே என்னைவிடத் தெம்பாக இருக்கிறான். நான் இவ்வளவு பலவீனமா?

பதில்: பலவீனம் இல்லை. உங்கள் நண்பருக்கு விஷயம் முடிந்துவிட்டது. கோபப்பட்டிருப்பார், அழுதிருப்பார், அப்புறம் அடுத்த வேலையைத் தேடக் கிளம்பியிருப்பார். உங்களுக்கோ எதற்குத் தயாராவது என்றே தெரியவில்லை. லண்டனில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கணினித் திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் மின் அதிர்ச்சி. நிச்சயம் அடி விழும் என்று தெரிந்தவேளையில்கூட இல்லாத பதற்றம், விழலாம், விழாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோது வந்தது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்விலும் இதே கதைதான்: ஒரு துறையைத் தனியாருக்கு விடப் போகிறார்கள் என்ற நிலையிலேயே, வேலை கைவிட்டுப் போகும் முன்பே, ஊழியர்களின் ஆரோக்கியம் சரிந்தது.

கேள்வி: என் வேலை போகாது டாக்டர். பொறுப்புகளைப் பிடுங்கி ஓரங்கட்டுவார்கள் போலிருக்கிறது. இதற்குப் போய் கவலைப்படலாமா?

பதில்: தாராளமாக. இதையும் வேலைப் பாதுகாப்பின்மையில்தான், அதாவது வேலை என்னாகுமோ என்ற நிலையில்தான், ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள்.

கேள்வி: என் கணவர் காய்ச்சலோடும் வேலைக்குப் போகிறார். லீவு போட்டால் பெயர் ஆட்குறைப்புப் பட்டியலில் ஏறிவிடுமாம். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். என்ன செய்வது மேடம்?

பதில்: பயத்தில் இருப்பவர்கள் விடுப்பைத் தொடமாட்டார்கள், உடம்பு மேலும் கெடும், வேலையிலும் தப்பு வரும். “என்ன ஆச்சு?” என்று தினமும் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. ஒருநாள் இருவரும் உட்கார்ந்து, சம்பளம் நின்றால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிப் பாருங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற கணக்கு ராத்திரிக் கற்பனையைவிடத் தேவலை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பின்றி இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றைக்கே போக வேண்டும், தனியே விடாதீர்கள்.

கேள்வி: நான் குழுத் தலைவர். ஆட்குறைப்பு பற்றி மேலிடத்தில் இன்னும் முடிவாகவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? யோகா வகுப்பு வைக்கலாமா?

பதில்: யோகா வைத்தால் தப்பில்லை. ஆனால் பாயைச் சுருட்டிவிட்டு வெளியே வந்ததும் அதே வதந்திதானே காத்திருக்கும்! தெரிந்தது இது, தெரியாதது இது என்று பிரித்துச் சொல்லுங்கள். அடுத்த தகவலுக்கு ஒரு தேதி கொடுங்கள். அந்த நாளில் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் வந்து, “இன்னும் முடிவாகவில்லை” என்று நேரில் சொல்லுங்கள். அடுத்த தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.